பழமொழியின் பிறப்பிடமும் வழங்கிடமும்

ஒரகடம் சாலையோரம் உள்ள பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்து நின்றேன். அப்பகுதியில் வெள்ளிக்கிழமைகளில் திரளும் கூட்டம் தனித்தன்மை வாய்ந்தது. சீருடையில் வந்து, தொழுகை முடிந்ததும் பணிமுறைக்குத் திரும்பும் இளைஞர்களே பெரும்பாலோர். திருநெல்வேலித் தமிழும் நெல்லூர்த் தெலுங்கும் பீகார் உருதுவும் ஒரே தேநீர்க் கடை வாசலில் கேட்கும். அந்த வாசலில்தான், நெல்லைச் சீமையிலிருந்து வந்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பணியாற்றும் தம்பி ஒருவர் தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “ஹஜ்ரத், இதெல்லாம் உண்மையா? இத்தனை நாளும் நாம் தப்பாகவா சொல்லிக்கொண்டிருந்தோம்?” என்றார்.

‘பழமொழிகளின் உண்மைப் பொருள்’ என்ற தலைப்பில் நீண்டதொரு செய்தி அது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது பிழையாம். ‘ஆயிரம் வேரை’ என்பதே சரியாம். களவும் கற்று மற அன்று, ‘களவும் கத்தும் மற’. மண் குதிரை அன்று, ‘மண் குதிர்’. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பதில் கழுதையே இல்லையாம். ‘கழு தைக்கத் தெரியுமாம்’ என்று பிரிக்க வேண்டுமாம். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பதும் சமையலறையைப் பற்றியதன்றாம். சஷ்டியில் விரதம் இருந்தால் ‘அகப் பை’யாகிய கருப்பையில் குழந்தை வரும் என்பதாம். மேடைப் பேச்சாளர்கள் சிலர் கைதட்டலுக்காகச் சொல்லிவந்தவை, இன்று அச்சிட்ட நூல்களிலும் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளிலும் ஏறியிருக்கின்றன.

அந்தத் தம்பிக்கு அன்று இரண்டு வரியில் பதில் கூறிவிட்டு வந்தேன். ஆயினும் அது இரண்டு வரியில் அடங்கும் செய்தியன்று. பழமொழிக்குப் பொருள் காண்பது எப்படி என்னும் வினாவை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கலையாக வளர்த்து வைத்திருக்கின்றனர். மத்ரஸாக்களில் நாம் இலக்கணத்துக்குச் சான்றாக மட்டுமே படித்துக் கடந்துவிடும் ‘அம்ஸால்’ நூல்களைத்தான் குறிப்பிடுகிறேன்.

அரபு மொழியில் பழமொழித் தொகுப்பு மிகப் பழைமையான துறை. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டினரான முஃபழ்ழல் அழ்ழப்பீ பழமொழிகளையும் அவற்றின் பின்னுள்ள கதைகளையும் தொகுத்தார். ஹிஜ்ரி 224இல் மக்காவில் மறைந்த அபூ உபைத் அல்காசிம் இப்னு ஸல்லாம், ஹதீஸ் கலையிலும் சட்டத்திலும் பெயர் பெற்றவர். அவரும் ‘கிதாபுல் அம்ஸால்’ எழுதினார், பழமொழிகளைப் பொருள் வாரியாக வகுத்து. நைஸாபூரைச் சேர்ந்த அல்மைதானீ (மறைவு ஹிஜ்ரி 518, கி.பி. 1124) தொகுத்த ‘மஜ்மஉல் அம்ஸால்’ முதலெழுத்து வரிசையில் அமைந்த பெருநூல். அதைக் கண்ட பிறகு, தாம் ஏன் ‘அல்முஸ்தக்ஸா’ எழுதினோம் என்று ஸமக்ஷரீ வருந்தியதாகச் சொல்வார்கள். அறிஞர் உலகத்துப் பொறாமைக்கு வயது அதிகம்.

மஸல் எனப்படும் பழமொழியிடம் நான்கு பண்புகள் கூடியிருக்கும் என்று இப்ராஹீம் அந்நழ்ழாம் கூறியதாக மைதானீ எடுத்துரைக்கிறார். சொற்சுருக்கம், பொருளைத் தவறாது தொடுதல், உவமை அழகு, குறிப்பாய் உணர்த்தும் திறன் என்பன அவை. நழ்ழாம் முஃதஸிலாப் பிரிவினர்; கொள்கையில் அவரை ஏற்காதவர்களும் இந்தச் சொல்லைத் தள்ளிவிடவில்லை. தமிழில் தொல்காப்பியச் செய்யுளியலும் முதுமொழிக்கு ஏறத்தாழ இதே பண்புகளைத்தான் கூறுகிறது. நுட்பம், சுருக்கம், தெளிவு, எளிமை ஆகியவற்றோடு, எடுத்துக்கொண்ட கருத்தை நிறைவுறுத்தக் காரணமாய் வந்து நிற்பது முதுமொழி என்பது அதன் கருத்து. ஒன்றையொன்று அறியாத இரண்டு மரபுகள் இவ்வாறு ஒத்துப்போவது வியப்பளிக்கிறது. கடைசியாகச் சொன்ன பண்பே முக்கியமானது. பழமொழி தனியே நிற்பதன்று. ஒரு பேச்சின் நடுவே, ஒரு தேவைக்காக வருவது.

இதையே அரபு அறிஞர் ‘மவ்ரித்’, ‘மழ்ரிப்’ என்னும் இரு சொற்களால் பிரித்தனர். பழமொழி முதன்முதலில் பிறந்த நிகழ்ச்சி மவ்ரித். பிறகு மக்கள் அதை எடுத்தாளும் இடம் மழ்ரிப். பிறப்பிடம், வழங்கிடம் என்று தமிழில் சொல்லலாம்.

எடுத்துக்காட்டாக, ‘ஹுனைனின் இரு காலணிகளோடு திரும்பினான்’ என்பது புகழ்பெற்ற அரபுப் பழமொழி. ஹீராவில் ஹுனைன் என்னும் காலணி தைப்பவரிடம் நாட்டுப்புற அரபி ஒருவர் நெடுநேரம் பேரம் பேசி, எரிச்சலூட்டிவிட்டு வாங்காமலே போனார். ஹுனைன் குறுக்கு வழியில் முந்திச் சென்று, ஒரு காலணியைப் பாதையில் போட்டார். சற்றுத் தொலைவில் மற்றொன்றைப் போட்டார். முதலாவதைக் கண்ட அரபி, ‘இதன் இணையும் இருந்தால் எடுக்கலாம்’ என்று விட்டுச் சென்றார். இரண்டாவதைக் கண்டதும் ஒட்டகத்தை அங்கேயே நிறுத்திவிட்டு முதலாவதை எடுக்கத் திரும்பி ஓடினார். மறைந்திருந்த ஹுனைன் ஒட்டகத்தோடு போய்விட்டார். ‘பயணத்திலிருந்து என்ன கொண்டுவந்தீர்?’ என்று ஊரார் கேட்டபோது, அரபியிடம் அந்த இரு காலணிகளே இருந்தன. இது பிறப்பிடம். எண்ணிப் போனது கிட்டாமல் வெறுங்கையோடு திரும்பும் எவருக்கும் இது இன்று சொல்லப்படும், இது வழங்கிடம். கதை மறந்துபோன பிறகும் வழங்கிடம் மாறுவதில்லை.

நபிமொழிகளிலும் இதற்குச் சான்று உண்டு. இறைநம்பிக்கையாளர் ஒரே பொந்திலிருந்து இரண்டு முறை தீண்டப்பட மாட்டார் என்னும் கருத்தமைந்த நபிமொழி, பழமொழியாகவே உலகெங்கும் வழங்குகிறது. கவிஞர் அபூ அஸ்ஸா பத்ரில் சிறைப்பட்டு, வறுமையைச் சொல்லி, இனிப் பகைக்கு உதவுவதில்லை என வாக்களித்து ஈட்டுத்தொகையின்றி விடுதலை பெற்றதும், வாக்கை மீறி உஹதின் போது மீண்டும் பிடிபட்டு அதே மன்னிப்பைக் கேட்டதும் அதன் பின்னணியாகச் சீறா நூல்களில் சொல்லப்படுகின்றன. அந்தப் பின்னணி தெரியாத வியாபாரி ஒருவரும், ஒருமுறை ஏமாற்றியவரிடம் மறுமுறை கடன் கொடுக்கும்போது இதை நினைத்துக்கொள்வார். அவர் புரிந்துகொண்டது தவறன்று.

பிறப்பிடம் பற்றிக் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்தனர்? இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் உள்ளது. ‘ஷன் தபகாவுக்குப் பொருந்தினான்’ என்றொரு பழமொழி. ஏற்ற இணை சேர்ந்ததைச் சொல்வது. இதற்கு மைதானீயின் நூலில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன. ஷன் என்ற மதிநுட்பம் வாய்ந்தவர் தமக்கு நிகரான பெண்ணைத் தேடி அலைந்து தபகா என்பவரை மணந்த கதை ஷர்கீ இப்னுல் குதாமீ வழியாக வருகிறது. அப்படியொன்றும் இல்லை, நைந்துபோன தோற்பாத்திரம் ஒன்றுக்கு மூடி செய்து பொருத்தியதைத்தான் இது குறிக்கிறது என்கிறார் அஸ்மயீ. இரண்டு குலங்களுக்கிடையே நடந்த போரைக் குறிப்பது என்கிறார் இப்னுல் கல்பீ. மூன்றும் அவரவர் பெயரோடு பதிவாகியுள்ளன. யார் சொன்னது என்பது தெரிவதால் படிப்பவரே எடைபோட முடிகிறது. ‘உண்மைப் பொருள்’ என்று ஒன்றை மட்டும் எழுதி மற்றவற்றை அழிக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

மற்றொரு கலைச்சொல்லும் நமக்கு உதவும். எழுத்தோ புள்ளியோ மாறி ஒரு சொல் வேறு சொல்லாவதை ஹதீஸ் கலையில் ‘தஸ்ஹீஃப்’ என்பர். ஹதீஸ் அறிவிப்பாளர்களிடம் நேர்ந்த இத்தகைய பிழைகளைத் தனி நூலாகவே தொகுத்தார் அபூ அஹ்மத் அல்அஸ்கரீ (மறைவு ஹிஜ்ரி 382). ‘ஜம்ஹரத்துல் அம்ஸால்’ என்னும் பழமொழி நூலைத் தந்த அபூ ஹிலால் அல்அஸ்கரீ இவருடைய மாணவர். இன்றைய புதுவிளக்கக்காரர்கள் சொல்வதும், தமிழ் மக்கள் அனைவரும் கூட்டாகத் தஸ்ஹீஃப் செய்துவிட்டனர் என்பதே. அப்படி நேர்வது அரிதன்று. ஆனால் அவ்வாறு குற்றம் சாட்டுபவர், பழைய வடிவத்தைத் தாங்கிய ஏட்டையோ, அப்படிச் சொல்லும் ஊரையோ, ஓர் அறிவிப்பாளரையோ காட்ட வேண்டும். ஒலி ஒத்திருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது.

சான்று தேட இடமில்லாமலும் இல்லை. தமிழில் முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூறு, ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழமொழியைப் பொதிந்து வைத்த பழைய நூல். நிறைகுடம் தளும்பாது, பாம்பின் கால் பாம்பறியும் என்று இன்றும் நாம் சொல்பவற்றை அதில் பழைய சொல்வடிவில் காணலாம். பத்து நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் நாவு அவற்றைச் சிதைக்காமல் காத்திருக்கிறது. பிற்காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலிய மொழிபெயர்ப்பை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1842இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1874இல் சென்னைத் தினவர்த்தமானி அச்சகத்திலிருந்து வந்த அவருடைய விரிந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. 1894இல் ஜான் லாசரஸ் ஒன்பதாயிரத்துக்கு மேல் தொகுத்தார். டென்மார்க் நாட்டவரான ஹெர்மன் ஜென்சன் 1897இல் 3,644 பழமொழிகளைப் பொருள் வாரியாக வகுத்து வெளியிட்டார். மைதானீயைப் போல் எழுத்து வரிசையில் சென்றவர் பெர்சிவல். அபூ உபைதைப் போல் பொருள் வரிசையில் சென்றவர் ஜென்சன். அவர்களுடைய சமய நோக்கம் வேறு. காதில் விழுந்ததை எழுதி வைத்தது நமக்குப் பயன்படுகிறது.

இனி அந்தத் தம்பி காட்டிய பட்டியலுக்கு வருவோம். பெர்சிவல் காலத்துத் தொகுப்பிலேயே ‘ஆயிரம் பேரைக் கொன்றவன்’ என்றுதான் இருக்கிறது. வேரைப் பறிப்பார்கள், அகழ்வார்கள், இடிப்பார்கள். ‘கொல்வது’ தமிழ் வழக்கன்று. அந்த இடர்ப்பாட்டை உணர்ந்த வேறு சிலர் ‘வேரைக் கண்டவன்’ என்று மீண்டும் திருத்துகின்றனர். திருத்தியவர்களுக்குள்ளேயே பாடபேதம்! அனுபவமற்ற வைத்தியரைக் கண்டு அஞ்சிய மக்கள் சொன்ன கசப்பான நகைச்சுவை அது. அதில் மருத்துவர் மனம் புண்படுமே என்று நாம் வேரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மண் குதிரைக்கும் திருத்தம் தேவையில்லை. ஊர்ப்புறத்து ஐயனார் கோயில்களில் சுட்ட மண்ணால் செய்த பெரிய குதிரைகள் நிற்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கம்பீரமாக நிற்கும், ஏறிச் சவாரி செய்ய உதவாது. குதிர் என்றால் நெல் விளையும் வட்டாரத்தில் தானியம் கொட்டும் மண் கூடு என்றே அறிவர். அதை நம்பி ஆற்றில் இறங்குபவர் யார்?

கழுதையின் வழக்கு அந்தத் தேநீர்க் கடையிலேயே தீர்ந்தது. கழு என்பது ஒருவகைக் கோரைப்புல், அதைப் பாயாகத் தைத்தால் கற்பூர மணம் வரும் என்பது புதுவிளக்கம். நெல்லைத் தம்பியிடம், “பத்தமடை உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே பாய் தைக்கிறார்களா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பத்தமடையில் நம் லெப்பை சமுதாயத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் அது. கோரையை ஊறவைத்து, மெல்லியதாகக் கீறி, தறியில் இட்டு நெய்வார்கள். அருகில் நின்ற உத்தரப்பிரதேச இளைஞர், பேச்சு கழுதையைப் பற்றியது என்று அறிந்ததும், ‘கதா க்யா ஜானே ஜாஃப்ரான் கீ கத்ர்’ என்றார்: குங்குமப்பூவின் மதிப்பு கழுதைக்கு என்ன தெரியும்? நெல்லூர்க்காரர் தம் மொழியில் சந்தன வாசனை என்றார். கன்னடத்தில் கஸ்தூரி வாசனை என்பதை நான் முன்பே அறிவேன். கற்பூரம், குங்குமப்பூ, சந்தனம், கஸ்தூரி என்று நறுமணம் மொழிக்கு மொழி மாறுகிறது. கழுதை மட்டும் எல்லா மொழியிலும் அசையாமல் நிற்கிறது. தமிழில் மட்டும் கழுதையைப் பிரித்துக் கோரைப்புல்லாக்கினால், மற்ற மூன்று மொழிகளின் கழுதைகளை என்ன செய்வது? வேதத்தைச் சுமந்தும் அதன்படி நடவாதவர்களை, ஏடுகளைச் சுமக்கும் கழுதைக்குத் திருக்குர்ஆன் உவமித்திருப்பதும் (62:5) நாம் அறிந்ததே. கொசுவையும் உவமையாகக் கூற இறைவன் தயங்குவதில்லை என்று சொல்லும் வேதத்தைப் படிப்பவர்களுக்கு, கழுதை இழிவாகத் தோன்றக் காரணமில்லை.

சட்டியும் அகப்பையும் இதைப் போன்றவையே. ‘ஒவ்வொரு பாத்திரமும் தன்னிடம் உள்ளதையே கசியவிடும்’ என்ற கருத்தில் அரபியில் ஒரு பழமொழி உண்டு. உள்ளே இருப்பதே வெளியே வரும் என்பதற்கு இரண்டு நாட்டுச் சமையலறைகளும் கண்டுபிடித்த உவமை ஒன்றே. சஷ்டி விரதம் ஒரு சமயத்தாரின் மதிப்புக்குரிய நோன்பு. அதைப் பற்றி நமக்கு மாற்றுச் சொல் இல்லை. என் கவலை வேறு. என் தாயார் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறும்போது இந்தப் பழமொழியை எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அண்டை வீட்டுச் செட்டியாரம்மாளும் அதையே சொல்வார். எல்லாருக்கும் பொதுவான அடுப்படிச் சொல்லை ஒரு சமயத்துக்கு உரிமையாக்கினால் மற்றவர்கள் அதில் அன்னியராகிவிடுவர். நாளை நம்மவர் ஒருவர் பழமொழிகளைப் பிரித்துப் பிரித்து அரபுச் சொல் கண்டுபிடித்தாலும் இதையேதான் சொல்வேன். அவ்வகை முயற்சிகளையும் பார்த்திருக்கிறேன்.

பழமொழியில் வரலாறு இல்லையென்று நான் கூறவில்லை. அது வேறிடத்தில் இருக்கிறது. இராவுத்தர் கூழுக்கு அழும்போது அவர் குதிரை கோதுமை ரொட்டி கேட்டதாம் என்ற கருத்தில் ஒரு சொல் வழங்குகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் வாசகம் மாறும். வருவாய்க்கு மீறிய ஆடம்பரத்தைக் கேலி செய்வது அதன் வழங்கிடம். அதில் இராவுத்தரும் குதிரையும் ஏன் இணைந்து வர வேண்டும்? அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து காயல் போன்ற கரைகளில் குதிரைகள் வந்திறங்கிய காலத்தை எண்ணிப் பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்கோ போலோ, பெரும் பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் மாண்டுபோனதைக் குறித்துள்ளார். இந்த மண்ணில் குதிரை வைத்திருப்பது அத்தனை செலவும் தொல்லையும் மிக்கதாயிருந்தது. அந்தக் குதிரைகளோடு வாழ்ந்தவர்களின் பெயர் ஒரு கேலிச் சொல்லில் பதிந்துவிட்டது. எழுத்தைத் திருத்தாமலே, உள்ளதை உள்ளபடி வாசித்தாலே கிடைக்கும் வரலாறு இது.

காலத்தைக் கணிக்கவும் இது துணையாகும். போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை, வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை என்பதை ‘போக்குக் கற்றவனுக்கு’, ‘வாக்குக் கற்றவனுக்கு’ என்று பிரித்து, முன்னோர் அந்தப் பணிகளை உயர்த்திச் சொன்னதாக விளக்குகின்றனர். சென்னை மாகாணக் காவல்துறை 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஆகவே போலீஸ் என்ற சொல்லைத் தாங்கிய பழமொழி பெரிதும் பழையதாயிருக்க முடியாது. அந்நாளில் இரு பணிகளுக்கும் கிடைத்த ஊதியத்தை எண்ணினால் கேலி எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும். முப்பது ஆண்டுகள் வாத்தியாராக இருந்துவிட்ட எனக்கு, பாராட்டாக மாற்றித் தந்த அந்தப் புது விளக்கம் இனிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அதை ஏற்பதற்கில்லை.

இதை வகுப்பில் சொன்னபோது பெண்கள் பிரிவு மாணவி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “உஸ்தாத், ‘பெண் புத்தி பின் புத்தி’ என்பதற்கு, பின்னால் வருவதை முன்னரே அறியும் புத்தி என்று இப்போது பொருள் சொல்கிறார்கள். அது தவறென்றால், என்னைத் தாழ்த்துவதுதான் சரியான பொருளா?” என்றார். சட்டென்று பதில் வரவில்லை. மறுநாள் சொன்னேன்: அந்தச் சொல் இதுவரை வழங்கிய இடத்தை விசாரித்தால், பெண்ணின் பேச்சை அடக்குவதற்கே அதைப் பயன்படுத்தினார்கள் என்று தெரிகிறது. அதை மறைத்துப் பூசினால், அடக்கியவர்களுக்கே உதவி செய்ததாகும். அவர்கள் அப்படிச் சொல்லவேயில்லை என்றாகிவிடும். பழைய தொகுப்புகளில் பெண்களையும் பல சாதியினரையும் இழித்துரைக்கும் பழமொழிகள் பக்கம் பக்கமாக உள்ளன. வரலாற்றில் அவை பதிவாக இருக்கட்டும்; நம் நாவில் இருக்க வேண்டியதில்லை. பழமொழி ‘தலீல்’ அன்று. ஷரீஅத்தில் எந்தத் தீர்ப்புக்கும் அது ஆதாரமாகாது; குடும்பத்திலும் ஆகாது. அந்த மாணவி அமர்ந்துவிட்டார், ஆனால் முழுதும் ஏற்றுக்கொண்டதாக முகம் காட்டவில்லை. அழகான பொருள் ஒன்று கிடைத்தபோது அதை உஸ்தாது பறித்துக்கொண்டாரே என்ற வருத்தம் அவருக்கு இருந்திருக்கலாம். அதையும் நான் குறைவாக எண்ணவில்லை.

சொல்லைத் திருத்துவதால் பொருள் போவது ஒரு வகை. சொல் அப்படியே இருக்க, நிலம் மாறுவதால் பொருள் போவது மற்றொரு வகை. திருப்பெரும்புதூர் வட்டாரம் ஏரிகளின் நாடு. செம்பரம்பாக்கம் பேரேரி தொட்டு ஊருக்கு ஊர் ஏரியும் மதகும் கலங்கலும் இருந்தன. 1990களில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஒரகடம், வல்லம் என்று தொழிற்பேட்டைகள் பரவின. ஏரி பாய்ந்த வயல்கள் பலவும் மதிற்சுவர்களுக்குள் சென்றன. அங்கே ஒரு முதியவர், தம் பேரனுக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்ததைச் சொல்லி, ‘ஏரி நிறைந்தால் கரை கசியும்’ என்றார். உடனிருந்த இளைஞர்கள் திடுக்கிட்டனர். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்ட நினைவு அவர்களுக்கு. கரை கசிவதென்றால் உடைப்புக்கு அறிகுறி, எச்சரிக்கை என்றே கொண்டனர்.

முதியவர் அதை மறுத்தார். ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் கரையின் கீழ்ப்புறம் ஈரம் ஊறும். அந்த ஊற்றால் கரையடிக் கிணறுகளில் நீர் மட்டம் உயரும். மதகில் பங்கு இல்லாதவனும் அதில் ஒரு காணி கீரை போடுவான். ஒருவனுக்கு வந்த செல்வம் அக்கம்பக்கத்தாருக்கும் சிறிது கசியும் என்பதே அவர் அறிந்த பொருள். பேரன் தமக்கு மாதம் ஏதோ அனுப்புவதைத்தான் அப்படிச் சொன்னார்.

இளைஞர் ஒருவர், “இப்போது கரைக்குக் கீழே கிணறு ஏது தாத்தா, லாரி நிறுத்துமிடம்தானே இருக்கிறது?” என்றார். முதியவர் பதில் சொல்லவில்லை. நான் என் குறிப்பேட்டை எடுத்து, பழமொழியையும், சொன்னவரின் ஊரையும், அவர் எதற்காக அதைச் சொன்னார் என்பதையும், இளைஞர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதையும் தனித்தனி வரியில் எழுதிக்கொண்டேன்.